முதுகு காட்டி நின்ற முருகன்

முருகன் உடைந்த சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. கிராக்கர் பிஸ்கட்டை இரண்டாக ஒடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

நான் மண்படியில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வழுக்கி விழுந்து, விழுந்த இடத்திலேயே இருந்தேன். முந்திய நாள் பெய்த மழையில் படியெல்லாம் சேறு. புதுச் சேலையின் பின்பக்கம் முழுக்கவும் அதே சேறு. மடியில், துவாய்க்குள், சாமி.

துவாயைப் பிரித்துப் பார்த்தேன். சிவன் இருந்தார். பார்வதி இருந்தாள். பிள்ளையார் தும்பிக்கை குலையாமல் இருந்தார். முருகன் மட்டும் மயிலோடு சேர்ந்து பீடத்திலிருந்து பெயர்ந்து, வேலைப் பிடித்தபடியே மல்லாந்து கிடந்தான்.

மேலே, தொழிலாளர் வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாகக் கிடக்கிற எங்கள் பழைய லயம். கீழே, கூப்பிடு தூரத்தில், அன்றைக்குப் பால் காய்ச்சவிருந்த புது வீடு. வாசலில் அம்மா, அப்பா, தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பூசாரி, லயத்துச் சனம் ஒரு முப்பது பேர். சாமி முதலில் வீட்டுக்குள் போக வேண்டும், பிறகுதான் மனிதர்கள். தூக்கி வருகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விழக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

"என்னடி ஆச்சு சரோஜா?" என்று கீழேயிருந்து அம்மா கத்தினாள்.

வாய் திறக்கக் கூடாதே. ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினேன். முருகனைச் சுவெட்டர் பைக்குள் போட்டேன். மயில்தோகை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் கைக்குட்டையைச் செருகினேன். மற்ற மூவரையும் துவாயால் மூடிக்கொண்டு எழுந்து நடந்தேன்.

நான் ஓர் ஆசிரியை. இருபது வருடமாகக் கரும்பலகையின் மூலையில் 'உண்மை பேசு' என்று எழுதிவிட்டுத்தான் பாடம் தொடங்குகிறவள்.

காசிம் நானாவின் சமய பாடம்

லயத்துக் கூரைத் தகரத்தைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார், "அந்தக் கூரையை விட்டு வெளியே வந்த கதையை எப்போது சொல்லப் போகிறீர்கள், டீச்சர்?" இதுதான் வாசகியே, அந்தக் கதை. எனக்குப் பெருமை தருகிற சங்கதி இதில் எதுவும் இல்லை. அதனால்தான் இத்தனை வாரம் கூரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாமி எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லயத்துக் காம்பராவில் பூசையறை ஏது? காம்பரா என்பதே ஓர் அறைதான், முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, பின்னால் அடுப்புப் புகை மண்டிய குசினி. காம்பராச் சுவரில் ஒரு பலகை அடித்து அதில் கலண்டர்ச் சாமிகளை வரிசையாக ஒட்டி வைத்திருந்தாள் அம்மா. வருடங்கள் மாறும், சாமிகள் மாற மாட்டார்கள். புகையில் எல்லாருமே கண்ணன் நிறத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

என் தம்பி கணேசன் முதல்முறை வெளிநாட்டுக்குப் புறப்பட்ட வாரத்தில் அம்மாவுக்கு யாரோ ஒருத்தி யோசனை சொன்னாள். குடும்பமாக இருக்கிற சாமியை வீட்டில் வைத்துக் கும்பிட்டால் குடும்பம் பிரியாதாம். குடும்பம் பிரிகிற வாரத்திலேயே அம்மா என்னை இழுத்துக்கொண்டு நோர்வூட் பஸாருக்குப் போனாள்.

காசிம் நானாவின் கடையில் பிளாஸ்டிக் வாளி முதல் கம்பளி வரை எல்லாம் உண்டு. தட்டின் மேல்வரிசையில், சுடுதண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில், அது இருந்தது. ஒன்றரை அடி உயரம். ஏதோ ஒரு மாவில் வார்த்து வர்ணம் பூசிய சிலை. நடுவில் சிவன், அவர் இடப்பக்கம் பார்வதி, இரண்டு ஓரத்திலும் இரண்டு பிள்ளைகள், கீழே அவரவர் வாகனங்கள். நான்கு பேரும் படம் பிடிக்க நிற்கிற மாதிரி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானா ஏணி வைத்து ஏறி அதை இறக்கினார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பாடம் நடத்தத் தொடங்கினார்.

"நல்லாப் பாருங்க தங்கச்சி. இது மாடு, அது சிங்கம். சிங்கம் மாட்டத் திண்ணும். இந்தா மயிலு. சாமி கழுத்துல பாம்பு. மயிலு பாம்பத் திண்ணும், பாம்பு எலியத் திண்ணும். ஒண்ண ஒண்ணு திங்கிற சாமானெல்லாம் ஒரே பீடத்துல சண்ட இல்லாம ஈக்குது பாத்தீங்களா? குடும்பம்னா இப்படி ஈக்கணும்னு அர்த்தம்."

"நானாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பெட்டியோட ஒரு தாள் வந்திச்சி டீச்சர். நான் எத வித்தாலும் வாசிச்சிட்டுத்தான் விப்பேன்."

அம்மாவுக்குப் பொறுமை இல்லை. "எங்க லயத்துல பத்துக் காம்பரா இருக்கு நானா. யாரு சிங்கம், யாரு எலின்னு எனக்குத் தெரியும். நீங்க கட்டிக் குடுங்க" என்றாள்.

சும்மா சொல்லக் கூடாது. அந்தத் தாளில் இருந்த விளக்கத்தை விடச் சிறப்பாக நான் படித்த சமய பாடப் புத்தகம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். வாகனங்கள் ஒன்றையொன்று தின்னாமல் இருப்பதைப் பற்றித்தான் அதில் இருந்தது. மேலே நிற்கிற அண்ணனும் தம்பியும் ஒரு பழத்துக்காகப் பிரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விற்கிற தாளில் அதை யார் எழுதுவார்கள்?

எங்கள் வீட்டுப் பழம்

இனிமேல் சொல்லப் போவதை நான் இட்டுக்கட்டியதாக யாரும் நினைக்க வேண்டாம். புராணத்தைப் பார்த்துக் காப்பியடித்தது எங்கள் குடும்பம்தான், நான் அல்ல.

எங்கள் வீட்டிலும் நான்கு பேர். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் காலம் முழுக்க வேலை செய்தவர். அந்தச் சூட்டுக் காற்றில் இருந்து இருந்து எந்நேரமும் கண்ணை அரைவாசி மூடியே இருப்பார். நெற்றியில் சாம்பல் உண்டு. வேட்டியிலும் உண்டு, அது பீடிச் சாம்பல். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவருக்கும் சேர்த்துப் பேசுவதும், விடிகாலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குப் போவதும், கொழுந்து பறிப்பதும், வீட்டை நடத்துவதும் அம்மா. சக்தி யார் என்று விளக்கத் தாள் தேவையில்லை.

மூத்தவள் நான். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா அப்பாவோடு அதே காம்பராவில் இருந்துகொண்டு, பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்வந்தேன். உலகம் சுற்றியவன் தம்பி. முதலில் கட்டார், பிறகு குவைத், கடைசியில் மாலைதீவு. மயிலுக்குப் பதில் விமானம். பெயர் வைத்த அன்று மட்டும் ஏதோ குளறுபடி நடந்துவிட்டது. ஊர் சுற்றியவனுக்குக் கணேசன் என்று பெயர். பிள்ளையார் மாதிரி வீட்டோடு கிடந்தவள் நான்.

அவன் மாலைதீவில் இருந்தபோதுதான் எங்கள் தோட்டத்துக்கு வீட்டுத் திட்டம் வந்தது. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு, குடும்பத்துக்கு ஒன்று. அம்மா அப்பா இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டவர்கள். அதனால் பிள்ளைகளில் ஒருவர் பெயரில் எழுதிக்கொள்ளலாம் என்று விசாரிக்க வந்தவர் சொன்னார். ஒரே பழம், இரண்டு பிள்ளைகள். நான் தோட்ட அலுவலகத்தை மூன்று முறை சுற்றினேன். வீடு என் பெயருக்கு வந்தது.

அதில் தப்பில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். தம்பியும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

படிவத்தில் 'குடும்ப உறுப்பினர்கள்' என்று ஒரு கட்டம் இருந்தது. நாலு வரி. அப்பா, அம்மா, நான் என்று மூன்று வரியை நிரப்பினேன். தம்பி ஊரில் இல்லையே, இல்லாதவனை எழுதினால் ஏதாவது கேள்வி வருமோ, இரண்டு பிள்ளைகள் என்று தெரிந்தால் வீடு ஆம்பிளைப் பிள்ளைக்குப் போய்விடுமோ என்று ஒரு நொடி யோசித்தேன். ஒரு நொடிதான். நாலாவது வரியில் ஒரு கோடு போட்டேன்.

வெற்று வரியை விட்டுவைக்காமல் கோடு போடுவது எங்கள் தொழிலில் பழக்கம், பிறகு யாரும் எதையும் சேர்க்க முடியாது. பழக்கதோஷம் என்று எனக்கு நானே பல முறை சொல்லியிருக்கிறேன். இப்போது இங்கே, பத்திரிகையில், உண்மையைச் சொல்கிறேன். பழக்கதோஷம் இல்லை. கல்யாணம்தான் ஆகவில்லை, ஒரு வீடாவது ஆகட்டும் என்று நினைத்துப் போட்ட கோடு அது.

பெரிய சிவன் கோயில்களில் ஒரு திருமேனி உண்டு. சோமாஸ்கந்தர். சிவனும் உமையும் உட்கார்ந்திருக்க, நடுவில் குழந்தை முருகன். எவ்வளவு அழகு! ஆனால் அதில் பிள்ளையார் இல்லை. ஒரு பிள்ளையை விட்டுவிட்டுக் குடும்பம் காட்டுகிற வழக்கம் என்னிடம் தொடங்கவில்லை என்று இதைப் படித்த நாளில் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

நாலாவது வரி

தம்பி திரும்பி வந்தபோது வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் போட்டிருந்தது. எனக்காக ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தான். வீடு என் பெயரில் என்று கேட்டதும், "நல்லதுதானேக்கா, நீதானே இவங்கள பாத்துக்கிற" என்று மனசாரச் சொன்னான். பிறகு வங்கிக்கு ஏதோ பத்திரம் தேடி என் கோப்பைப் புரட்டினான். படிவத்தின் போட்டோப்பிரதி அவன் கையில் அகப்பட்டது.

நாலாவது வரியில் விரலை வைத்தான்.

"என் பேர எழுத மறந்திருந்தாக்கூடப் பரவாயில்லக்கா. கோடு போட்டிருக்கியே."

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உருப்படியாக எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

"எனக்கு வீடு வேணாம். ஆனா, என் பேருக்குக் கோடு போட்ட வீட்டுல நான் கால் வைக்க மாட்டேன்."

அந்த ஆடி மாதம் தோட்டத்திலிருந்து கதிர்காம முருகன் கோயிலுக்கு பஸ் பிடித்துப் போன கூட்டத்தோடு அவனும் போனான். கூட்டம் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. கோபித்துக்கொண்டு கதிர்காமத்துக்குப் போன முதல் ஆள் அவன் இல்லையே. அங்கேயே சவாரி ஜீப் ஓட்டுகிற வேலையில் சேர்ந்துவிட்டான். காட்டுக்குள் ஆட்களை ஏற்றிப்போய் யானை காட்டுவது. அடுத்த வருடம் கலியாணமும் கட்டிக்கொண்டான். பெண் அந்தப் பக்கத்துச் சிங்களப் பெண், பெயர் சுஜீவா. கோயில் தெருவில் அவளுக்குப் பழம் அடுக்கிய பூசைத் தட்டு விற்கிற கடை. அதாவது, பழக்கடை. நான் என்ன செய்வேன், எல்லாம் அப்படியே நடந்தது.

இந்தச் செய்தியையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னவர் காசிம் நானா. அவருடைய மகனும் தம்பியும் கூட்டாளிகள். என் போனைத் தம்பி எடுப்பதில்லை. வீட்டில் வேறு போன் இல்லை.

கலியாணச் செய்தியைக் கேட்டு அம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் புள்ளைக்குத் தமிழ் தெரியுமாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பால் காய்ச்ச நாள் குறித்ததும் அம்மா என்னிடம் மூன்று முறை சொன்னாள், தம்பிக்குப் போன் போடு என்று. மூன்றாம் முறை கேட்டபோது, "போட்டேன்மா. லீவு கிடைக்காதாம்" என்றேன்.

நான் போன் போடவே இல்லை. போட்டு, தப்பித்தவறி அவன் எடுத்துவிட்டால் அந்தக் கோட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும்.

செருப்புப் பசை

சுவெட்டர் பையில் முருகனோடு நான் புது வீட்டின் முன்வாசலை நெருங்கியதையும், "சேறாயிருச்சு, கழுவிட்டு வந்திர்றேன்" என்று சைகை காட்டிவிட்டுப் பின்பக்கமாகக் குசினிக்குள் நுழைந்ததையும் இப்போது நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். நல்ல நேரம் முடிய இன்னும் கால் மணித்தியாலம்.

மலைநாட்டில் நடந்து பள்ளிக்கூடம் போகிற எந்த ஆசிரியையின் கைப்பையிலும் செருப்பு ஒட்டுகிற பசை இருக்கும். ஒரு சொட்டு விட்டால் போதும், பத்து எண்ணி முடிப்பதற்குள் பிடித்துக்கொள்ளும்.

உடைந்த இடம் பீடத்தின் பின்பக்கமாகத்தான் தெளிவாகத் தெரிந்தது. அதனால் சிலையைத் திருப்பி, அதன் முதுகுப் பக்கம் எனக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். குசினியில் இன்னும் பல்ப் போடவில்லை. பசையை விட்டேன். முருகனின் முகத்தைப் பார்த்தபடி அவனைப் பிடித்து அழுத்தினேன். சாமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்வதுதானே மரியாதை.

பிடித்துக்கொண்டது. என் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. விரலைப் பிய்த்து எடுத்தபோது கொஞ்சம் தோல் மயிலின் காலோடு போய்விட்டது. வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. அதோடு சிலையை முன்பக்கமாகத் திருப்பினேன்.

சிவன் என்னைப் பார்த்தார். பார்வதி பார்த்தாள். பிள்ளையார் பார்த்தார். முருகன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

இழுத்துப் பார்த்தேன். நல்ல பசை. செருப்பில் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை.

வெளியே பூசாரி மணி அடிக்கத் தொடங்கிவிட்டார். வேறு வழியில்லை. சிலையைக் கொண்டுபோய் வாசலுக்கு நேரே இருந்த சாமி மாடத்தில் வைத்து, பெரிய செவ்வந்தி மாலையை முருகன் பக்கமாக இழுத்துப் போட்டேன்.

முப்பது பேர் முன்னிலையில்

பூசாரி தீபாராதனை காட்டினார். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, குங்குமம் வைக்க மாடத்துக்குப் பக்கத்தில் போனாள். சிவனுக்கு வைத்தாள், பார்வதிக்கு வைத்தாள், பிள்ளையாருக்கு வைத்தாள். மாலையை விலக்கினாள். குங்குமம் தொட்ட விரல் அப்படியே நின்றது.

"என்னடி இது?"

நான் தரையைப் பார்த்தேன்.

பூசாரி எட்டிப் பார்த்தார். அவருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. "உடைஞ்சதை ஒட்டியிருக்கு. பின்னமான சாமிய வீட்டுல வைக்கக் கூடாதுங்க அம்மா. ஆத்தோரமா ஒரு மரத்தடியில விட்டுட்டு வேற வாங்கிக்கிறதுதான் முறை."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சாமியே முதுகைக் காட்டிய வீடு என்று யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

அம்மா பூசாரியைத் திரும்பிப் பார்த்தாள். "உடைஞ்சதையெல்லாம் வெளிய அனுப்பணும்னா, மொதல்ல நாங்கதான் சாமி போகணும்" என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். நான் சிலையைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்து, வழுக்கிய படியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"முருகன விடு. தம்பிக்குப் போன் போட்டியா, இல்லையா?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாளா, முருகனின் முதுகைப் பார்த்தாளா!

"இல்லம்மா."

முப்பது பேர் முன்னால் நான் இதைவிடச் சின்னவளாகிப் போன நாள் என் வாழ்க்கையில் இல்லை. எனக்கு அழுகை வந்தது. விரல் எரிவதால் என்று காட்டிக்கொண்டேன், யாரும் நம்பவில்லை.

சுவரில் சாய்ந்திருந்த அப்பா கண்ணைத் திறந்தார். "போடு" என்றார். அன்றைய கணக்கில் முதல் வார்த்தை.

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான் என்று நினைத்த நேரத்தில், "சொல்லுக்கா" என்றான்.

"தம்பி..."

"பால் பொங்கிருச்சா?"

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. நாள், நேரம் எல்லாம். நானா சொல்லியிருப்பார்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "கணேசா, நீ வந்தாத்தான் அடுப்பு பத்தவைப்பேன்."

"அம்மா, இங்கயிருந்து பஸ்ல வந்து சேரப் பொழுது சாஞ்சிரும்மா."

"சாயட்டும். அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு வா. தனியா வந்தா உள்ள விட மாட்டேன்."

நல்ல நேரம் போகுதே என்று பூசாரி தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தார். பிறகு தட்சணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். விருந்துக்கு வந்தவர்கள் பால் பொங்காமலே, லயத்தில் சமைத்து வைத்திருந்ததைச் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். அம்மா ஒரு வாய் சாப்பிடவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

வாசல்

பனி இறங்கி, எதிர்மலைத் தேயிலை மறையத் தொடங்கிய நேரத்தில் இரண்டு பேர் மண்படியில் இறங்கி வந்தார்கள். தம்பி கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் பருத்திருந்தான். பின்னால் சிவந்த சுவெட்டரில் ஒரு மெலிந்த பெண். எங்கள் குளிருக்குப் பழகாதவள், பல் அடித்துக்கொண்டிருந்தது. கையில் துணி மூடிய பூசைத் தட்டு.

வாசற்படி வரை வந்தான். அங்கேயே நின்றுவிட்டான். அவளும் நின்றாள்.

அம்மா உள்ளே வா என்று சொல்லவில்லை. அவன் போட்ட சபதத்தை அவளும் அறிவாள். அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவும் என்னைப் பார்த்தார்.

வாசலுக்கு நேரே மாடம். தம்பியின் பார்வை அங்கே போனது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

"யாரு ஒட்டுனது?"

"நான்தான்" என்றேன்.

"நல்லா ஒட்டியிருக்க" என்றான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. ஆனால் கால் மட்டும் படியைத் தாண்டவில்லை.

நான் பெட்டியிலிருந்து கோப்பை எடுத்து வந்தேன். அந்தப் போட்டோப்பிரதியை உருவினேன். வாசற்படியில் உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, நாலாவது வரியில் நான் போட்ட கோட்டுக்கு மேலேயே அவன் பெயரை எழுதினேன். விரலில் தோல் இல்லாததால் எழுத்து கோணிப் போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் திரும்ப எழுதச் சொல்லியிருப்பேன்.

தம்பி குனிந்து பார்த்தான். "இது செல்லாதுக்கா. பிரதிதானே."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் எழுதுற?"

"கோடு போட்டது நான்தானே. நீ இல்லன்னு நெனச்சு போடல. நீ இருக்கேன்னு பயந்துதான் போட்டேன்."

அவன் என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். மழைத்தூறல் அந்தத் தாளில் விழுந்து மை கொஞ்சம் பரவியது.

"சுஜீவா பேரையும் எழுது" என்றான்.

வரி முடிந்துவிட்டிருந்தது. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், எழுதினேன்.

விளக்கு

முதலில் உள்ளே வந்தவள் சுஜீவாதான், அவளுக்குப் பின்னால் தம்பி. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கள் யாரையும் பார்க்காமல், நேரே மாடத்துக்குப் போனாள். தினமும் சாமிக்குத் தட்டு அனுப்புகிற கை. சிலையை ஒரு நோட்டம் விட்டாள். பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரையும் கேட்காமல், சிலையைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தாள். தட்டிலிருந்த சின்ன மண்விளக்கை ஏற்றி, பின்பக்கம், முருகனுக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் தட்டோடு பழத்தை வைத்தாள்.

அம்மா தம்பியைப் பார்த்தாள். சுஜீவா அவனிடம் சிங்களத்தில் மெல்லச் சொன்னாள், "தெய்யோ அந்துரேனே."

"சாமி இருட்டுல நிக்கிறாராம்" என்றான் தம்பி.

நாங்கள் மூன்று பேரும் அன்று முழுக்க அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முருகன் பார்க்கிற பக்கம் இருட்டாக இருக்குமே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அப்பா தொண்டையைச் செருமினார். "இப்பத்தான் அவனுக்குப் பழம் கிடைச்சிருக்கு" என்றார். அன்றைக்கு அவர் கணக்கு நாலு வார்த்தையைத் தாண்டிவிட்டது.

அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். புதுப் பானையை வைத்தாள். பால் செம்பைக் கையில் எடுத்தவள், ஊற்றவில்லை. தோட்டத்துக்கு வந்துபோகிற சிங்கள வியாபாரிகளிடம் பேரம் பேசிப் பழகிய சிங்களத்தில், செம்பை நீட்டிச் சொன்னாள்.

"துவே, கிரி தாண்ட."

மகளே, பாலை ஊத்து. அந்த வீட்டில் அதுவரைக்கும் மகள் நான் ஒருத்திதான். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பழத்தைப் பங்கு வைத்திருந்தால் பிள்ளையாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பால் பொங்கியது. எந்தப் பக்கமாகப் பொங்கியது என்று பார்த்துச் சொல்லப் பூசாரி இல்லை. நாங்களும் கவனிக்கவில்லை.

காசிம் நானா உடையாத வேறொரு சிலை தருவதாக இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறான், சுஜீவாவோடு. நடுவில் அம்மாவோடு போனில் பேசுகிறான், என் போனில்தான். அந்தத் தாள் சிலையின் பீடத்துக்கு அடியில் இருக்கிறது. அலுவலகக் கோப்பில் எங்கள் குடும்பம் இன்னும் மூன்று பேர்தான்.

எங்கள் வீட்டு மாடத்தில் தினமும் இரண்டு விளக்கு. முன்பக்கத்து விளக்கு அம்மாவுடையது. பின்பக்கத்து விளக்கை நான் ஏற்றுகிறேன். கையைச் சுவரோரமாக நுழைத்துத்தான் வைக்க வேண்டும், சில நாள் சுடும். அம்மா செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான் செய்கிறேன்.